தூசியின் பக்கம்

1

துலக்குவது என்றால் எடுப்பது. சாதாரண விஷயம்தான். ஆனால் நம் பேச்சு இதைக் கொஞ்சம் மறைத்து வைத்திருக்கிறது. "மெருகேற்றுவது" என்கிறோம், "பளபளப்பைக் கூட்டுவது" என்கிறோம். ஏதோ ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து மேலே பூசுவது போல. உண்மையில் எதுவும் ஏறுவதில்லை, கூடுவதுமில்லை. மேடாக இருப்பது உரசி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது சமமாகி, தன்மேல் விழும் ஒளியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. பளபளப்பு என்பது அவ்வளவுதான்.

பித்தளை புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பாட்டி வீட்டுக் குடத்தின் கழுத்தில் தாத்தாவின் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. வாராவாரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, எனக்கு விவரம் தெரிந்தபோது ஊர்ப்பெயரில் பாதிதான் இருந்தது. அதையும் விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. அக்கறையாகக் கவனித்துக்கொண்டார்கள், அதனாலேயே அழிந்தது. தேய்ந்துபோன பித்தளை எங்கே போனது என்று யாரும் கேட்டதுமில்லை. தோட்டத்து வாய்க்காலோடு போயிருக்கும்.

"போனது எங்கே?" என்ற இந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்டுப் பார்க்க நினைக்கிறேன். குடத்தை வைத்து அல்ல. அதைவிடச் சின்ன, அதைவிட உபயோகமற்ற ஒரு பொருளை வைத்து. பொம்மைப் படகின் ப்ரொப்பெல்லர்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலில். வாரக்கடைசியில் ரிமோட்டில் ஓடும் மாடல் படகுகளை ஓட்டுகிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுப் பைத்தியம் இல்லை. மாடல் பவர் போட் அசோசியேஷன் என்ற சங்கம் இங்கே 1924-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. குளக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க்கில் டீயோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ப்ரொப்பெல்லரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், நம்மூரில் நாதஸ்வரக்காரர்கள் சீவாளியைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

வேகப் படகின் உலோக ப்ரொப்பெல்லர் பெரும்பாலும் வார்ப்பாக வரும். கடையிலிருந்து வாங்கியதும் மாட்ட முடியாது. மேலெல்லாம் வார்ப்பின் சொரசொரப்பு இருக்கும். இதழ்கள் தடிமனாக இருக்கும், ஒன்று கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருக்கும். அரத்தால் ராவி இதழை மெலிதாக்க வேண்டும். தண்ணீரை வெட்டிக்கொண்டு நுழையும் விளிம்பைக் கத்தி போலக் கூராக்க வேண்டும். பிறகு மெல்லிய கம்பியில் கோத்து இரண்டு கூர்முனைகள் மேல் வைத்தால் கனமான இதழ் தானாகக் கீழே இறங்கி நிற்கும். அதன் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்தை எடுத்து, எப்படித் திருப்பி வைத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும்வரை சமன் செய்ய வேண்டும். கடைசியில்தான் வாட்டர் பேப்பர். 220, 400, 600, 1000 என்று நைசாகிக்கொண்டே போகும். அதற்கு மேலும் ஆசை இருந்தால் துணிச் சக்கரமும் பாலிஷ் கட்டியும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றினால் அதன் இதழ்முனை மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நடுவிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி வெறும் 0.1 கிராம் எடை கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது ஷாஃப்ட்டை ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். அதுவும் திசை மாறி மாறி, நொடிக்கு 500 முறை. கையில் வைத்தால் தெரியாத பாரம் பேரிங்கைத் தின்றுவிடும். ஆகவே எடுப்பது வீண் வேலை இல்லை. எதுவரை எடுப்பது என்பதுதான் கேள்வி.

3

தண்ணீருக்கு எவ்வளவு வழவழப்பு போதும்? இதை முறையாகக் கேட்டுப் பார்த்தவர் வில்லியம் ஃப்ரூட். 1870-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டோர்க்கியில், தம் வீட்டருகே நீளமான தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார். பலகைகளில் வார்னிஷ், மெழுகு, துணி, மணல் என்று விதவிதமாகப் பூசியும் ஒட்டியும் தொட்டியில் இழுத்து, ஒவ்வொன்றையும் தண்ணீர் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். மணல் ஒட்டிய பலகை அதிகம் திணறியது, வழவழப்பானது குறைவாகத் திணறியது. பெரிய கப்பலின் இழுவையைச் சின்ன மாடலை வைத்துக் கணிக்கும் முறைக்கு அந்த அளவீடுகள் அடித்தளமாயின.

பின்னால் வந்தவர்கள் இன்னொன்றையும் கண்டுகொண்டார்கள். வழவழப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஓடும் நீர் எந்தப் பரப்பையும் ஒட்டினாற்போல மெல்லிய அடுக்கு ஒன்றை வைத்திருக்கிறது. பரப்பின் மேடுபள்ளங்கள் அந்த அடுக்குக்குள் முழுகிவிடுகிற அளவு சின்னதாகிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீருக்குத் தெரியாது. நம் சின்ன ப்ரொப்பெல்லரின் வேகத்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய ஒன்றிரண்டு மைக்ரான். 1000-ஆம் எண் வாட்டர் பேப்பர் விடுகிற கோடுகள் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுகின்றன. தண்ணீரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

கண்ணுக்கு முடியவில்லை. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரை. முகம் தெரிகிற கண்ணாடியாக உலோகம் மாற வேண்டுமென்றால் மேடுபள்ளம் அதைவிட மிகச் சின்னதாக இருக்க வேண்டும். ஆக, தண்ணீர் கேட்பதைவிடக் கண் அதிகம் கேட்கிறது. 1000-ஆம் எண் தாளுக்கும் கண்ணாடிப் பளபளப்புக்கும் நடுவே இருக்கிற அத்தனை வேலையும் கண்ணுக்காகச் செய்வது.

இதிலும் ஒரு வேடிக்கை. வேகப் படகின் ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இதழ் காற்றை இழுத்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்குகிறது. வேகம் எடுத்துவிட்டால் இதழின் பின்பக்கம் முழுவதையும் காற்று மூடிவிடுகிறது. தண்ணீரைத் தள்ளுவது முன்பக்கம் மட்டும்தான். படகை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுவதும் அதே பக்கம்தான். பின்பக்கம் படகின் அடியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஆளும் பார்ப்பதில்லை, ஓட்டத்தில் தண்ணீரும் தொடுவதில்லை.

4

என் அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைகளில் என் ஷெட்டுக்கு வந்துவிடுவான். இதையெல்லாம் நான் ஒருமுறை விளக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ப்ரொப்பெல்லரைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இந்தப் பக்கத்த யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்கடா."

"தண்ணியாவது படுமா?"

"வேகம் எடுத்துட்டா அதுவும் படாது."

"அப்புறம் எதுக்கு இதுக்குப் போய் அரை மணி நேரம் தேய்க்கிறீங்க?"

சட்டென்று சொல்லத் தோன்றுகிற பதில் ஒன்று உண்டு. இந்தத் தலைமுறைக்கு அது மிகவும் பழக்கமானதும்கூட. ஸ்டீவ் ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. வேலி அடைக்கும்போது யாரும் பார்க்காத பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே நன்றாகச் செய்ய வேண்டும் என்று அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தார். யாரும் பார்க்காத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ அதுதான் நம் நேர்மை. கேட்டதுமே பிடித்துப்போகிற பதில். எனக்கும் பிடிக்கும்.

இரண்டாவது பதில் பட்டறைக்காரரின் பதில். பளபளப்பு ஒரு சோதனை. மங்கலான உலோகம் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். நன்றாகத் துலக்கிய இதழில் ஜன்னல் கம்பியின் பிம்பம் விழும்போது, அந்தக் கோடு எங்கே வளைகிறதோ அங்கே நெளிவு இருக்கிறது. வார்ப்பில் விழுந்த ஊசித்துளையும் இதழின் அடியில் ஓடும் மயிரிழை வெடிப்பும் அப்போதுதான் கண்ணில் படும். 30,000 சுற்றில் ஓர் இதழ் உடைந்து பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் இது லேசுப்பட்ட காரணம் இல்லை.

ஆனால் இதே பளபளப்பு பொய்யும் சொல்லும். துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் மென்மையான உலோகம் இழுபட்டு ஊசித்துளைகளின் மேல் படிந்து மூடிவிடுகிறது. கத்தியாக நிற்க வேண்டிய விளிம்பு மழுங்கி உருண்டுவிடுகிறது. போட்டியில் பின்தங்குகிற ப்ரொப்பெல்லர் அலமாரியில் எல்லாவற்றையும்விட அழகாக மின்னிக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாக இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. இதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம், விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஆக அவனிடம் நான் சொன்னது: "வெடிப்பு இருக்கான்னு பாக்கறதுக்குத்தான்டா." பொய் இல்லை. முழுப் பதிலும் இல்லை. வேலியின் பின்பக்கத்தைப் பற்றிப் பேசுகிற பதிலிலும் சரி, பட்டறைக்காரரின் பதிலிலும் சரி, ஒரு விஷயம் விட்டுப்போகிறது. இரண்டுமே இதழில் மிஞ்சியிருப்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. எடுத்ததைப் பற்றிப் பேசவில்லை.

5

பந்தயப் படகுக்காரர்கள் வெகுகாலமாக விரும்பி வாங்கும் ப்ரொப்பெல்லர்கள் பெரிலியம் காப்பரால் ஆனவை. செம்பில் ஏறக்குறைய 2 சதவீதம் பெரிலியம் கலந்த உலோகம். அந்த 2 சதவீதம் செய்கிற மாயம் பெரிது. சரியாகச் சூடுபடுத்திப் பதப்படுத்தினால் நல்ல எஃகோடு போட்டிபோடும் வலிமை வந்துவிடும். காகிதம் போல மெலிதாக்கினாலும் இதழ் வளையாது. துலக்கினால் இளம் பொன்நிறம். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

கட்டியாக இருக்கும்வரை அதனால் ஆபத்து இல்லை. தூசியாகி மூச்சில் போனால்தான் ஆபத்து. எல்லாரையும் அது ஒரே மாதிரி தாக்குவதில்லை. சிலருடைய உடல் மட்டும் பெரிலியத்தை எதிரியாக அடையாளம் கண்டு நுரையீரலுக்குள் ஓயாத போரைத் தொடங்கிவிடுகிறது. பரம்பரைக் கூறுகளுக்கும் இதில் பங்கு உண்டு. தூசியைச் சுவாசித்துப் பல வருடங்கள், சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து மூச்சிரைப்பாக வெளியே வரும். கட்டுப்படுத்தலாம், முழுமையாகக் குணமாக்க முடியாது.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதமும் ஒளியோடு சம்பந்தப்பட்டதுதான். 1940-களில் டியூப்லைட்டின் உட்புறம் பூசும் பொடியில் பெரிலியம் இருந்தது. அமெரிக்காவின் சேலம் நகரத்தில் விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் மூச்சு வாங்கிச் சரிந்தார்கள். ஹேரியட் ஹார்டி என்ற மருத்துவர் அவர்களைப் பரிசோதித்து, 1946-இல் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1949-இல் அந்தப் பொடி விளக்குகளிலிருந்து விலக்கப்பட்டது. என்ரிகோ ஃபெர்மியோடு முதல் அணு உலையில் வேலை செய்த இயற்பியலாளர் ஹெர்பர்ட் ஆண்டர்சனும் அந்தக் காலத்தில் பெரிலியத்தைக் கையாண்டவர். 1988-இல் அவர் இறந்தது இந்த நோயால்தான்.

என்னை மிகவும் உறுத்துவது ஒஹாயோ மாநிலத்து லொரேன் நகரத்தின் கதை. 1940-களின் கடைசியில் அங்கே பெரிலியம் ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களிடமும் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலைக்குள் காலடிகூட எடுத்து வைக்காதவர்கள். சிலருக்குக் காற்று வழியாக வந்தது. சிலருக்குத் துணி வழியாக. தொழிலாளியின் வேலைச் சட்டையை வீட்டில் உதறித் துவைத்தவர்களுக்கு வந்தது.

பிறகு ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம். அமெரிக்க அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த மெரில் ஐசன்பட்டும் வில்லார்ட் மாக்லே என்ற மருத்துவரும் ஒரு டாக்ஸிப் பயணத்தில் பேசி முடிவுசெய்த எண் அது. ஐசன்பட்டே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த டாக்ஸி எண் ஏறக்குறைய எழுபது வருடங்கள் நின்றது. 2017-இல்தான் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.2 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

பெரிலியம் இல்லாவிட்டால் தூசி சாதுவாகிவிடும் என்றும் இல்லை. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரத்தில், கார் சக்கரங்களின் அலுமினிய வளையங்களைப் பாலிஷ் போடும் ஆலையில் சேர்ந்திருந்த தூசி வெடித்தது. 146 பேர் இறந்தார்கள். ஏதோ ஒரு ஷோரூமில் ஒரு சக்கரம் மின்னுவதற்காக எடுத்த உலோகம்தான் அது.

6

எங்கள் குளக்கரைப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசினேன். வீட்டுக்குப் பின்னால் சின்ன ஷெட், அதில் துணிச் சக்கரம். முகமூடி போடமாட்டார். இங்கிலீஷில் அவர் சொன்னதன் சாரம் நம்மூர்ப் பேச்சில் இப்படி வரும்: "முப்பது வருஷமா பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகல. அப்படியே ஆனாலும் என் நுரையீரல், என் இஷ்டம்."

இதன் முதல் பாதி வாதமே அல்ல. யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நோயில், எனக்கு வரவில்லை என்பது என்னைப் பற்றிய செய்தி மட்டுமே. இரண்டாவது பாதிதான் கனமானது. தன் உடம்பைத் தன் ஆசைக்காகப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். மலை ஏறுகிறவர்களை நாம் தடுப்பதில்லை. தெரிந்தே, தனக்காக, தன் கணக்கில் ஒருவர் எடுக்கிற ஆபத்தில் ஒரு கண்ணியம்கூட இருக்கிறது.

ஆனால் தூசி யார் கணக்கு என்று பார்ப்பதில்லை. அவர் பேரப்பிள்ளை அந்த ஷெட்டில்தான் சைக்கிளை நிறுத்துகிறான். அவர் சட்டையை அவர் துவைப்பதில்லை. என் ஷெட்டிலும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். "என் இஷ்டம்" என்ற சொல்லுக்குச் சுவர் உண்டு, தூசிக்குக் கிடையாது.

அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறவியலின் ஆறாம் நூலில் செய்பொருளையும் செயலையும் பிரித்துப் பேசுகிறார். ஒன்றைத் தயாரிப்பதன் நோக்கம் தயாரிப்புக்கு வெளியே, அந்தப் பொருளில் இருக்கிறது. நற்செயலுக்கோ அதுவே நோக்கம். இதைப் படிக்கும்போது எனக்குத் துணிச் சக்கரம்தான் ஞாபகம் வரும். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள் தயாராகிறது. இந்தப் பக்கம் அதே நொடியில் ஒரு செயல் நடக்கிறது, காற்றில் எதையோ கலந்துகொண்டிருக்கிறேன். நன்றாகச் செய்வதும் நல்லது செய்வதும் ஒரே கையால் நடக்கிறது, ஆனால் ஒன்று மற்றதற்கு ஈடாகாது. இதழ் எவ்வளவு கச்சிதமாக வந்தாலும் தூசியின் கணக்கில் ஒரு பைசாகூடக் குறையாது.

கைவேலையின் மேன்மையைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். பொறுமை, ஈடுபாடு, தன்னை மறத்தல். எல்லாம் உண்மை. ஆனால் தன்னை மறக்கிறவன் பக்கத்தில் இருப்பவரையும் மறந்துவிடலாம். அதுவும் பொழுதுபோக்கில் இந்தக் கேள்விக்குத் தப்பிக்க வழியே இல்லை. குன்ஷான் தொழிலாளிக்கு முதலாளி இருந்தார், ஷிஃப்ட் இருந்தது, சம்பளம் இருந்தது. எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. நான் எடுக்கிற ஒவ்வொரு மைக்ரானும் என் விருப்பத்தால் எடுப்பது. சாக்குச் சொல்ல ஆளில்லை.

அப்படியானால் தேய்ப்பதையே விட்டுவிட வேண்டுமா? எந்த வேலையிலும் தூசி உண்டு. தூசியே இல்லாத கையைத் தேடினால் ஒன்றும் செய்யாத கைதான் கிடைக்கும். நான் சொல்வது துறவு இல்லை, கணக்கு. தண்ணீர் கேட்கிற அளவுக்கு எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சமன் செய்யாத ப்ரொப்பெல்லர் ஆபத்தானது. அதற்கு மேல் கண் கேட்பதற்கும் நியாயம் உண்டு, அழகு ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அந்த அழகின் விலையை அழகைப் பார்க்கிறவர்தான் கட்ட வேண்டும். கேட்காதவர் மூச்சில் அதைப் பற்று எழுதக் கூடாது.

என் ஷெட்டில் ஏற்பாடு சாதாரணமானதுதான். பெரிலியம் காப்பரைச் சக்கரத்தில் வைப்பதில்லை, காய்ந்த நிலையில் தேய்ப்பதும் இல்லை. தண்ணீருக்குள் முக்கி, கையாலேயே, முகமூடி போட்டுக்கொண்டு தேய்ப்பேன். அப்போது ஷெட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சேறாக வருவதை ஈரத்துணியில் துடைத்து, துணி காய்வதற்குள் பையில் போட்டுக் கட்டி, அபாயகரக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுவேன். 1000-ஆம் எண்ணோடு நிறுத்திவிடுவேன். பார்க்கக் கொஞ்சம் மங்கலாக, தேன் கலந்த சாம்பல் போல இருக்கும். குளக்கரையில் யாரும் கேமராவை எடுக்க மாட்டார்கள்.

அக்கா மகனுக்கு இது ஏமாற்றம்தான். அவனுக்குக் கண்ணாடி மாதிரி வேண்டும். பித்தளை ப்ரொப்பெல்லர் ஒன்றைக் கொடுத்து, அதையும் தண்ணீரில் வைத்துத்தான் தேய்க்கணும் என்று சொன்னேன். இரண்டு சனிக்கிழமை எடுத்துக்கொண்டான். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும். பின்பக்கத்தில் தன் பல்லைப் பார்த்துச் சிரித்தான். சட்டியில் கலங்கி நின்ற தண்ணீரை எங்கே கொட்டுவது என்று அவனேதான் கேட்டான்.

வேலியின் பின்பக்கத்தைப் பற்றிய அந்த அறிவுரை தவறில்லை. ஆனால் எது பின்பக்கம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இதழின் பின்பக்கத்தை நினைத்தால் திருப்பிப் பார்த்துவிடலாம். திருப்பினாலும் தெரியாத பக்கம் ஒன்று எல்லா வேலைக்கும் இருக்கிறது. தரையில், துணியில், இன்னொருவர் மூச்சில் அது சேர்ந்துகொண்டிருக்கிறது. யாரும் பார்க்காதபோதும் நேர்மையாக இருக்க வேண்டிய பக்கம் அதுதான்.

பழைய ப்ரொப்பெல்லர்கள் விற்பனைக்கு வரும்போது இப்போதும் போய்ப் பார்க்கிறேன். எந்தப் பாலிஷ் கட்டி, எந்தத் துணி என்று கேட்டால் விற்பவர்கள் சந்தோஷமாகப் பத்து நிமிஷம் சொல்வார்கள். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். "எங்கே வைத்துத் தேய்த்தீர்கள்? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?"